தொழிற்சாலை ஆட்களுக்காகத் தொடங்கி, இன்று இல்லாமல் போன ஃபுட்பால் கிளப் ஏதாவது உண்டா?

உண்டு. தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் எஃப்சி. கிழக்கு லண்டனில் கப்பல் கட்டிய ஒரு கம்பெனியின் டீம். 1895-ல் தொடங்கி 1900-ல் கலைத்தார்கள். பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை ஆட்களின் மேட்ச் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த டீம் மேல் தனிப் பிரியம்.

கம்பெனி முதலாளி ஆர்னால்ட் ஹில்ஸ் நமக்குப் புதியவர் இல்லை. லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் தலைவர் அவர்தான். கர்ப்பத்தடையை ஆதரித்த டாக்டர் அலின்சனைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று அவர் நின்றபோது, நிர்வாகக் குழுவில் இருந்த இளைஞர் காந்தி அதை எதிர்த்தார். பேசக் கூச்சப்பட்டு எழுதி எடுத்துப் போனார். அதையும் வேறொருவர்தான் படித்தார். அலின்சன் தரப்பு தோற்றது. இதைக் காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அதே ஹில்ஸ் தன் கப்பல் கட்டும் யார்டில் வேலைநிறுத்தம் வந்தபோது வெளியாட்களை இறக்கி வேலை வாங்கியவர். பிறகுதான் எட்டு மணி நேர வேலை, லாபத்தில் பங்கு எல்லாம் வந்தன. கூடவே ஃபுட்பால் கிளப். ஆள் திரட்டியது ஃபோர்மேன் டேவ் டெய்லர். பி அண்ட் சி துணி மில்லின் 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த வடசென்னைக்காரர் யாரும், முதலாளி கொடுக்கும் பந்தை வெறும் அன்பளிப்பு என்று நம்பிவிட மாட்டார். நானும் நம்பவில்லை. ஆனால் ஆடியவர்களின் ஆசையில் கலப்படமே கிடையாது. முதல் சீசனிலேயே மின்விளக்கு போட்டு ராத்திரி மேட்ச் ஆடியிருக்கிறார்கள். மங்கல் வெளிச்சத்தில் பந்து தெரிய வேண்டுமே? வாளியில் வெள்ளைச் சுண்ணாம்பைக் கரைத்து, அதில் பந்தை முக்கி முக்கி எடுத்து ஆடினார்கள்!

1897-98-ல் லண்டன் லீக்கை ஜெயித்தார்கள். அடுத்த சீசன் சதர்ன் லீக் இரண்டாம் டிவிஷனும் அவர்களுக்கே. அதற்குள் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். காசு வாங்காமல் ஆடுவதுதான் ஆட்டம் என்று நினைத்த ஹில்ஸுக்கு இது பிடிக்கவில்லை. 1900 ஜூனில் கிளப்பைக் கலைத்தார்கள். ஜூலையில் அதன் இடத்தில், ஷேர் விற்கும் கம்பெனியாக, வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்ற கிளப் வந்தது. கப்பல் யார்டும் 1912-ல் மூடப்பட்டது.

வெஸ்ட் ஹாம் சின்னத்தில் இருப்பது, கப்பலின் இரும்புத் தகடுகளை இணைக்க ரிவெட் ஆணி அடிக்கிற சுத்தியல்கள். ரசிகர்கள் இன்னும் 'அயர்ன்ஸ்' என்றுதான் கத்துகிறார்கள். அதனால் பழைய கிளப் அழியவில்லை, பெயர்தான் மாறியது என்று வாதிடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார்டில் வேலை பார்த்தவர்கள் யார்டுக்காக ஆடிய டீம் 1900-லேயே முடிந்துவிட்டது.