ஜீப்பில் ரெக்கவரி சாமான்களை எப்படி வைப்பது? பையா, பெட்டியா?

புது மஹிந்திரா தார் ஜீப் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சேற்றில் புதைந்த வண்டியை மீட்கிற இழுவைக் கயிறு, பெல்ட், ஷேக்கிள் (கயிற்றை வண்டியில் மாட்டுகிற வளையம்), மண்வெட்டி எல்லாம் பின்னால் போட்டு வைத்தால் வளைவுக்கு வளைவு உருள்கிறது, பை வாங்கவா, மூடி போட்ட பெட்டி வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். பை வாங்குங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அங்கேதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எந்த ஆஃப்ரோடு கிளப்பிலும் இல்லை, போட்டிகளுக்குப் போனதில்லை. "நீ என்ன பெரிய எக்ஸ்பர்ட்டா" என்று யாராவது வருவதற்கு முன் நானே சொல்லிக்கொள்கிறேன். குமரி மாவட்டத்தில், கடையாலுமூடு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. உங்களுக்கு ஆஃப்ரோடு என்பது எங்களுக்குத் தோட்டத்துக்குப் போகிற வழி. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை என்று இரண்டு பருவத்துக்கும் நனைகிற ஊர். நாலு நாள் விடாமல் பெய்தால் எங்கள் செம்மண் ஏற்றம் சோப்பு தடவின மாதிரி ஆகிவிடும். அப்பா காலத்து மஹிந்திரா ஜீப்தான் இன்னும் ஓடுகிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போட்ட மறுநாள், வீட்டில் கிடந்த இரும்புச் சங்கிலியை ஜீப்பில் மாட்டி, வழியில் விழுந்த ரப்பர் மரங்களை ஒவ்வொன்றாக இழுத்து ஓரம் போட்டோம். சங்கிலிக்கு நீட்சி கிடையாது, ஒவ்வொரு இழுப்புக்கும் சேஸிஸில் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் ஒன்பது மீட்டர் கைனடிக் கயிறு ஒன்று வாங்கினேன். அது நைலான். இழுத்தால் 30 சதவீதம் வரை நீளும், அந்த நீட்சி திரும்பிச் சுருங்கும்போதுதான் சேற்றில் பதிந்த வண்டி கிளம்பி வரும். மரத்தைச் சுற்றுகிற பட்டை பெல்ட் வேறு. அது பாலியெஸ்டர், அவ்வளவாக நீளாது. இரண்டும் பார்க்க ஒரே ஜாதி மாதிரி இருக்கும், குணம் வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

மழைக்காலம் இல்லாதபோது கயிற்றை ஜீப்பில் ஏன் சுமக்க வேண்டும் என்று, ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் மெஷின் இருக்கும் ஷெட்டில் ஒரு மூலையில் சுருட்டிப் போட்டிருந்தேன். ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் ஆசிட் கேனும் அதே மூலையில்தான். ஜூனில் எடுத்துப் பார்த்தால் அடிச்சுருளில் ஒரு சாண் நீளம் வெளுத்து, பசை காய்ந்த மாதிரி மொடமொடவென்று இருந்தது. ரப்பர் பால் சிந்திக் காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பால் ஒட்டாத பொருள் எது, என் சட்டை உட்பட? பால் வெட்டுகிற அண்ணன் தொட்டுப் பார்த்துவிட்டு, "மக்கா, கயிறு விறைச்சுப் போய் இருக்குலே, பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். பார்த்தது உண்மைதான்.

அன்று சாயங்காலமே மாமாவின் பிக்கப் ஏத்தன் வாழைக்குலையோடு எங்கள் ஏற்றத்தின் அடியில் அச்சு வரை புதைந்துவிட்டது. கயிற்றின் ஒரு முனை ஜீப்பில், மறுமுனை பிக்கப்பில். முதல் இழுப்பில் அசைந்தது. இரண்டாவது இழுப்பில், வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். கயிறு பிக்கப் பக்கம் அறுந்து, நீளத் துண்டு முழுக்கத் திரும்பி வந்து ஜீப்பின் பின் லைட்டைக் கூட்டோடு கொண்டுபோய்விட்டது. பால் வெட்டுகிற அண்ணன் அதுவரை அந்த லைட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றார். பீடி பற்ற வைக்கத் தீப்பெட்டி தேடி இந்தப் பக்கம் வந்ததால் தப்பினார். இரண்டு முனையிலும் கயிற்றால் பின்னிய சாஃப்ட் ஷேக்கிள், அதனால் இரும்பு எதுவும் பறக்கவில்லை. அறுந்த இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் செய்த முதல் வேலை, கயிறு விற்றவரைப் போனில் கூப்பிட்டுக் கிழித்தது. டூப்ளிகேட் சரக்கு என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். பிறகு மன்னிப்பும் கேட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

என் மைத்துனி பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறாள். அறுந்த நுனியைக் கையில் வாங்கியதும் மோந்து பார்த்தாள். "அத்தான், இதை ஆசிட் கேன் பக்கத்திலயா வச்சிருந்தீங்க? நைலானைக் கரைக்கிறதுக்கே ஃபார்மிக் ஆசிட்தான் எடுப்பாங்க." நான் நம்பவில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஆசிட் எடுத்து, தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பில் ஒரு துண்டை அதில் போட்டாள். பட்டை பெல்ட்டிலிருந்து பிரித்த நூல் ஒன்றையும் போட்டாள். சாயா குடித்துவிட்டு வந்து பார்த்தால் தங்கூசி நுனி குழைந்து வழவழத்துக் கிடந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம். பெல்ட் நூல் போட்டபடியே கிடந்தது. கடையில் வாங்குகிற ஆசிட் 85 சதவீதம். பாலில் ஊற்றும்போது தண்ணீரில் நன்றாக நீர்க்க வைத்துத்தான் ஊற்றுவோம், அதனால் அதன் உக்கிரம் எங்களுக்கே மறந்துவிடுகிறது. கேன் மூடி ஓரத்தில் கசிந்தது தரையோடு ஓடிக் கயிற்றின் அடியில் நின்றிருக்கிறது. (வீட்டில் செய்து பார்க்காதீர்கள், தோலில் பட்டால் வெந்துவிடும்.)

"எங்கள் வீட்டில் ரப்பரும் இல்லை, ஆசிட்டும் இல்லை" என்பீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்குமே? அதில் இருக்கும் சல்ஃபூரிக் ஆசிட்டும் நைலானுக்கு ஆகாது. மாடிப்படிக்குக் கீழே பேட்டரி, அதன் பக்கத்தில் கயிற்றுப் பை, இதுதான் பாதி வீடுகளில் நடக்கும்.

இப்போதிருக்கிற புதுக் கயிறு வெங்காயச் சாக்கில் இருக்கிறது. சிரிக்காதீர்கள், காற்று போகும், நனைந்தாலும் உள்ளே அவியாது, சாக்கு எனக்கு இனாம். நைலான் நனைந்தால் 10, 15 சதவீதம் பலம் குறையும், அதனால் ஈரத்தோடு மூடி போட்ட பெட்டியில் அடைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முட்டம் தேரி மணல் மேட்டிலோ கடற்கரையிலோ இழுத்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். உள்ளே போன மணல் ஒவ்வொரு இழுப்பிலும் இழையை அறுக்கும். கயிற்றை மேல் கேரியரில் கட்டி வெயிலில் காட்டிக்கொண்டு திரிவது அழகுக்கு நன்றாகத்தான் இருக்கும், வெயில் நைலானைத் தின்றுவிடும்.

ஷேக்கிள் தனி. 4.75 டன் தாங்கும் என்று போட்ட 19 மில்லிமீட்டர் இரும்பு ஷேக்கிள் ஒன்றின் எடையே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். வண்டி கவிழ்ந்தாலோ சட்டென்று பிரேக் பிடித்தாலோ அது குண்டு. பழைய டியூப்பை வெட்டிச் சுற்றி, முன் சீட்டுக்குப் பின்னால் தரையோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன். கயிறும் அங்கேதான். பின்கதவுப் பக்கம் எதையும் வைப்பதில்லை. உங்கள் தாரில் பின்கதவு ஸ்டெப்னியோடு பக்கவாட்டில் திறக்கிறது அல்லவா? பின்பக்கம் சரிந்து மண்திட்டில் சாய்ந்து நின்றால் அந்தக் கதவு திறக்காது. மீட்கிற சாமான் முழுக்க உள்ளே, நீங்கள் சேற்றில் வெளியே.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வருகிறவர்கள் வின்ச் (வண்டியில் பொருத்திய இழுவை மெஷின்) கம்பியை நேரே எங்கள் ரப்பர் மரத்தில் சுற்றி இழுத்துவிட்டுப் போகிறார்கள். மரப்பட்டை நசுங்கினால் அந்த இடத்தில் பால் வெட்ட முடியாது. ஏழு வருஷம் வளர்த்துத்தான் அந்த மரத்தில் கத்தியே வைக்கிறோம். 2011இல் கிலோ 240 ரூபாய் வரை போன ஷீட் 2016 தொடக்கத்தில் நூறுக்குக் கீழே வந்தது, அப்போதும் மரத்தை வெட்டாமல் வைத்திருந்தோம். கேட்டால் "ஒரு மரம்தானே அண்ணா" என்கிறார்கள். பட்டை பெல்ட் வாங்கியிருந்தால் பையில் மேலாக வையுங்கள், அடியில் வைத்தால் அவசரத்தில் யாரும் தேட மாட்டீர்கள்.

அறுந்த கயிற்றின் மிச்சத்தை அம்மா கொல்லையில் துணி காயப்போடக் கட்டிக்கொண்டாள். தடிமனுக்கு கிளிப் வாய் பற்றவில்லை என்று இன்னும் என்னிடம்தான் குறை சொல்கிறாள்.