வாசகர் கேள்வி: டோக்கியோவில் எந்தத் தோட்டம்?

கேள்வி: மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் பாதியில் நானும் கணவரும் போகிறோம். எனக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. பழைய ஜப்பானியத் தோட்டம் ஒன்றையாவது பார்த்துவிட ஆசை. எல்லோரும் ரிக்குகியென் போகச் சொல்கிறார்கள். போகலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் முழங்காலுக்கு நான் ஹமாரிக்யூ தோட்டத்தைத்தான் சொல்வேன். ரிக்குகியெனில் கூட்டம் கூட்டமாய்ப் போய்ப் பார்க்கிற தொங்கு செர்ரி மரத்தின் பூ, மார்ச் கடைசியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மேலிருந்து பார்க்கக் குன்றும் ஏறணும்.

ஹமாரிக்யூ சமதரை. பாதையில் சரளை கிடக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முன்பு ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகன் குடும்பத்தின் கடலோர மாளிகைத் தோட்டம் அது. ஊராருக்குத் திறந்துவிட்டது 1946இல்தான். அங்கே என்னைக் கட்டிப்போட்டது குளம். விரிகுடாத் தண்ணீரை மதகு வழியாக உள்ளே விடுகிறார்கள். கடலில் ஓதம் ஏறினால் குளமும் ஏறும். வடிந்தால் கரைக் கற்களில் ஈரக்கறை தெரியும். உப்புத் தண்ணீர் என்பதால் தாமரை எதிர்பார்க்காதீர்கள். மடவை மீன் துள்ளும்.

வாத்து வேட்டை நடந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். குட்டைக்குப் பக்கத்தில் மண்மேடு, அதில் கண் வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துவாரம். பலகையைத் தட்டித் தீனி போட்டால் பழக்கிய வாத்து ஒடுங்கிய வாய்க்காலுக்குள் வரும்; அதை நம்பிக் காட்டு வாத்தும் பின்னால் வரும். கரையில் ஒளிந்திருப்பவர்கள் வலையை வீசிவிடுவார்கள். அப்படிச் செத்த வாத்துகளுக்கு 1935இல் ஒரு நினைவுக்கல்லும் வைத்தார்கள். அதுவரை பிடித்துவிட்டு!

குளத்து நடுவே மரப்பாலம் போட்ட தேநீர் வீடு இருக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டுப் போய், மாட்சா (பச்சைத் தேயிலைப் பொடியில் அடித்த தேநீர்) கேளுங்கள். கூட ஒரு இனிப்பு தருவார்கள். அதை முதலில் சாப்பிடுங்கள், மாட்சாவின் கசப்பு அப்புறம் உறுத்தாது. பெரும்பாலும் பயறு அரைத்த பூரணம்தான், சைவக்காரர்களும் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

ஷியோதொமே ஸ்டேஷனில் இறங்கினால் நடை கொஞ்சம்தான். மாலை 5 மணிக்கு மூடுவார்கள், 4.30க்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட் 300 யென். 65 வயதானால் 150. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வயதைக் காட்டக் கேட்பார்கள்.