வட ஆற்காட்டில் உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு சிறிய ஊரின் நில அமைப்பு, வரலாறு, மக்கள் வாழ்க்கை பற்றிச் சொல்ல முடியுமா?

காவேரிப்பாக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைக் கடந்து வாலாஜாபேட்டையை அடைவதற்கு முன் வரும் பேரூராட்சி இது. எங்கள் பெரியவர்கள் இன்றும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார்கள். அந்த மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 நவம்பர் முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் விரைபவர்களுக்கு இது ஒரு கடைத்தெருவாக மட்டுமே தெரியும். ஆனால் இங்கே ஓர் ஊர் ஏன் உண்டாயிற்று என்று கேட்டால், ஏரி என்ற ஒரே விடைதான் உண்டு. அதை எடுத்துவிட்டால் இவ்வூரின் வரலாற்றில் பாதியும் வாழ்க்கையில் முக்காலும் போய்விடும்.

ஏறத்தாழ 3,968 ஏக்கர் பரப்பும், 30.65 அடி ஆழமும், 1,474 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட அந்த ஏரிக்கு இயற்கையான ஆறு எதுவும் நேராக வந்து சேர்வதில்லை. வாலாஜாபேட்டைக்கு அருகில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்தான் அதற்கு வரத்து. பாலாறு பெரும்பாலும் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு என்பது எல்லோருக்கும் தெரியும். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் அதன் நீர் பல இடங்களில் மறிக்கப்படுகிறது. இருந்தும் ஏரி பல ஆண்டுகளில் நிரம்புவதற்குக் காரணம் பொன்னையாறு. சித்தூர்ப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை பொன்னையில் வந்து, அணைக்கட்டுக்கு மேலேயே பாலாற்றில் கலந்துவிடுகிறது. ஆகவே எங்கள் பக்கத்து உழவர்கள் ஐப்பசியில் உள்ளூர் வானத்தைவிடச் சித்தூர் மழைச் செய்தியைத்தான் கூர்ந்து கேட்பார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, அஞ்சும்படியான அளவுக்கே நீர் வந்தது.

ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிஞ்சிய நீர் வழிந்தோடினால், அந்த நீர் வீணாவதில்லை. கோடி போகும் நீர் கொசஸ்தலையாற்று வழியில் இறங்குகிறது. கேசவரம் அணைக்கட்டில் ஒரு கிளை கூவமாகப் பிரிய, மற்றது பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி, சென்னையின் குடிநீருக்கான தேக்கம். சென்னையில் குழாயைத் திறப்பவர் இந்த உறவை அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பது எனக்குச் சற்று வருத்தந்தான்.

ஏரியை வெட்டியவன் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் என்பது வழக்கு. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அவனுக்கு அவனிநாராயணன் என்ற விருதுப் பெயர் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வூர் படுவூர்க் கோட்டத்துக் காவிரிப்பாக்கமாகிய அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கப்படுவதை வைத்துப் பார்த்தால், அந்த வழக்கு வெறுங்கதை அல்ல என்றே நினைக்கிறேன். பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட இத்தகைய பிரமதேய ஊர்களில் ஏரியைக் காப்பதற்கென்றே சபையார் ஏரி வாரியம் அமைத்திருந்தார்கள் என்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது. 949-இல், இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தக்கோலத்தில், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்திய பிறகு, இப்பகுதி அடங்கிய தொண்டை மண்டலம் சில காலம் கிருஷ்ணன் ஆட்சியில் இருந்தது. காவேரிப்பாக்கத்தில் கிடைத்து இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் 10-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களில் அந்த இராஷ்டிரகூடச் சாயலை ஆய்வாளர்கள் காண்கிறார்கள்.

பள்ளிப் பாடங்களில் இவ்வூரின் பெயர் வருவது, வந்தால், 1752 பிப்ரவரியில் நடந்த சண்டைக்காகத்தான். ஆற்காட்டு முற்றுகைக்குப் பின், பிரெஞ்சு ஆதரவுடன் ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் படையும் பிரெஞ்சுக்காரர்களும் இங்கே சாலையோரம் பதுங்கியிருந்தார்கள். பீரங்கிகள் ஒரு மாந்தோப்புக்குள் மறைக்கப்பட்டிருந்தன. மாலையில் ஆற்காட்டை நோக்கி வந்த ஆங்கிலப் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் சிக்கிக்கொண்டார். நிலவொளியில் நீடித்த சண்டையில், தோப்பின் பின்புறம் காவல் இல்லை என்று தெரிந்து, ஒரு பிரிவைச் சுற்றி அனுப்பி அந்தப் பீரங்கிகளைப் பிடித்ததால்தான் அவர் வென்றார். கிளைவிடம் 380 ஐரோப்பியர்களும் 1,300 சிப்பாய்களும் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் 400 ஐரோப்பியர்களும் 2,000 சிப்பாய்களும் குதிரைப்படையும் இருந்தன. இரு பக்கமும் போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே என்பதை இந்த எண்களே சொல்லும். ஊருக்குள் இந்தச் சண்டையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பேச்செல்லாம் மதகைப் பற்றித்தான். சிங்க மதகு, மூல மதகு, நரி மதகு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இன்னாருக்கு நிலம் எங்கே என்று கேட்டால், சர்வே எண்ணுக்கு முன்னால் மதகின் பெயர்தான் வரும். சுற்றிலுமுள்ள 14 கிராமங்களில் 6,278 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இந்த ஏரியை நம்பியிருக்கிறது. நெல்லில் சம்பாப் பருவம் பெரும்பாலும் மழையில் தேறிவிடும். மார்கழி, தையில் நட்டுச் சித்திரைக்குள் அறுக்கும் நவரைக்குத்தான் ஏரி நீர் உயிர். அதற்கடுத்த சொர்ணவாரிப் பருவத்துக்கும் நீர் மிஞ்சினால் அது நல்ல ஆண்டு. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் இடையே சண்டை வராமல் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் நீர்க்கட்டிகள் முறை வைத்துப் பாய்ச்சிய காலத்தை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது கடைமடையில் பெரும்பாலோர் மோட்டார் கிணற்றை நம்புகிறார்கள், ஆனால் அந்தக் கிணறு ஊறுவதும் ஏரியால்தான்.

மக்கள் என்று பார்த்தால், பல சாதியினரும், நவாபு காலத்துத் தொடர்ச்சியாக உருது பேசும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதும், திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடத்தி, துரியோதனன் படுகளத்துடன் முடித்துத் தீ மிதிப்பதும் இந்த வட்டாரம் முழுவதற்கும் பொதுவானவை. ஏரி கோடி போகும் நாளில் மஞ்சள், குங்குமம், பூ போட்டுக் கற்பூரம் காட்டுவதற்கு, நீர் வழியும் இடமான கலங்கலில் திரளும் கூட்டத்தில் வயல் இல்லாதவர்களும் இருப்பார்கள். வேலை மட்டும் ஊரைவிட்டு நகர்ந்துவிட்டது. இளைஞர்கள் இராணிப்பேட்டை சிப்காட்டுக்கோ திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கோ கம்பெனிப் பேருந்தில் போய்வருகிறார்கள். நாற்று நடுவதற்கு ஆள் கிடைப்பது, நீர் கிடைப்பதைவிடக் கடினமாகிவருகிறது. ஏரியைத் தூர் வார வேண்டும் என்ற கோரிக்கையும் தீராமல் தொடர்கிறது.

நேரில் பார்க்க விரும்பினால் கார்த்திகை, மார்கழியில் வாருங்கள். கோடையில் வந்தால் ஏரியின் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகத்தான் தெரியும். அருகிலுள்ள திருப்பாற்கடலில் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் சிவலிங்கத்தின் ஆவுடையார் மேல் நின்று காட்சி தருகிறார். வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத கோலம் அது. சிற்பங்களைத் தேடி ஊருக்கு வர வேண்டாம், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் போதும்.