அண்ணனுக்கு மாத்திரை மட்டும், தம்பிக்குப் பேச்சு மட்டும் போதுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 43 வயது, பதினைந்து வருடக் குடி. போன மாதம் யாரிடமும் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நால்ட்ரெக்சோன் மாத்திரை கொடுத்து, வாரம் ஒருமுறை கவுன்சலிங்குக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "மாத்திரை போடுகிறேன், உட்கார்ந்து பேசவெல்லாம் வரமாட்டேன்" என்கிறார். குடித்தால் வாந்தி வரவைக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறதாமே, அதைத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாமா என்று அண்ணி கேட்கிறார். தம்பிக்கு 29 வயது. ஹெராயினிலிருந்து மீண்டு, எட்டு மாதமாக பியூப்ரெனார்ஃபின் மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொள்கிறான், வேலைக்கும் போகிறான். "இதுவும் போதைதானே, கவுன்சலிங் போகிறாய் அல்லவா, மாத்திரையை நிறுத்து" என்று வீட்டில் எல்லோரும் அவனை நெருக்குகிறார்கள். இருவருக்கும் நான் என்ன சொல்வது?

பதில்: சகோதரி, முதலில் அண்ணி கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். கலக்கவே வேண்டாம்.

அவர் சொல்லும் மருந்தின் பெயர் டைசல்ஃபிராம். மது உடலுக்குள் போனதும் அசிடால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறும், அதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்துவிடும். டைசல்ஃபிராம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் குடித்தால் நச்சு சேர்ந்துபோய் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். குடித்த அளவு அதிகமானால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை உள்ளே போயிருப்பது தெரியாத மனிதர் வழக்கம்போலக் குடிப்பார், அவரால் எச்சரிக்கையாக இருக்க வழியே இல்லை. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு வரலாம். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம்கூட இதைத் தூண்டிவிடக்கூடும். போதாததற்கு உங்கள் அண்ணனுக்கு வலிப்பு வேறு வந்திருக்கிறது, அப்படிப்பட்டவருக்கு இதைக் கொடுக்க மருத்துவர்களே தயங்குவோம். அவருக்கே தெரிந்து, அவரே சம்மதித்து, தினமும் வீட்டில் ஒருவர் கண்ணெதிரே விழுங்கும்போதுதான் டைசல்ஃபிராம் நன்றாக வேலை செய்கிறது. அண்ணி எத்தனை இரவு தூங்காமல் கிடந்து இந்த யோசனைக்கு வந்திருப்பார் என்று எனக்குப் புரிகிறது, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், விஷயத்தை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த வலிப்பு ஏன் வந்தது என்றும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளுகிறார், உள்ளேயிருந்து ஒருவர் தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டு நிற்கிறார் என்று வையுங்கள். வெளியே தள்ளுபவர் சட்டென்று விலகினால் உள்ளே நிற்பவர் குப்புற விழுவார். வருடக்கணக்கில் மது மூளையை அமுக்குகிறது, மூளையும் ஈடுகொடுத்து எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றதும் அந்த எதிர்த் தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குள்ளேயே கை நடுக்கம், வியர்வை தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு உளறல், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று போய் உயிருக்கே உலை வைக்கும். அதனால்தான் மருத்துவமனையில் மூளையை அமைதிப்படுத்தும் டயசெபாம் வகை மருந்தைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறோம், தையமின் என்ற வைட்டமின் பி1-ஐயும் கொடுக்கிறோம். ஒருவேளை அண்ணன் மறுபடி குடிக்க ஆரம்பித்தால், "இனிமேல் ஒரு சொட்டுக்கூட தொடமாட்டேன்" என்று வீட்டிலேயே தனியாக நிறுத்த விடாதீர்கள். அவருடைய வைராக்கியம் உண்மையாகவே இருக்கலாம், மூளைக்கு அது தெரியாது.

சரி, நால்ட்ரெக்சோனுக்கு வருவோம். இது டைசல்ஃபிராம் மாதிரி பயமுறுத்தும் மருந்து அல்ல, குடித்தால் வாந்தி வரவைக்காது. குடிக்கும்போது மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின்கள் என்ற சுகம் தரும் பொருட்கள் போய் உட்காரும் இடத்தை இது அடைத்துக்கொள்கிறது, அதனால் குடிக்கிற சுகம் மங்கிப்போகிறது, கொஞ்ச நாளில் ஏக்கமும் தணிகிறது. வழக்கமான அளவு தினம் 50 மில்லிகிராம், ஒரே மாத்திரை. அமெரிக்காவில் இதைக் குடிநோய்க்கென்று 1994-லேயே அங்கீகரித்துவிட்டார்கள்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர், இந்த மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம், நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொன்னார்: "சார், சனிக்கிழமை குடிச்சேன். ரெண்டாவது கிளாஸைப் பாதியிலயே வச்சிட்டு எழுந்து வந்துட்டேன், ஏன்னு எனக்கே தெரியல." சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். முதல் முறை வந்தபோது தண்ணீர் டம்ளரை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்த மனிதர். மாத்திரை வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் வந்து அவரே கேட்டார்: "இப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என்ன பண்றதுன்னே தெரியல சார்."

உங்கள் அண்ணனுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பதினைந்து வருடமாகக் குடியால் நிரப்பிய மாலை நேரம் அது. மாத்திரை அதைக் காலி செய்து கொடுக்கும். அங்கே வேறு எதை வைப்பது, பழைய கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வது, மனைவியிடம் எப்படி முகம் கொடுத்துப் பேசுவது, இதெல்லாம் மாத்திரைக்குத் தெரியாது. இதற்குத்தான் கவுன்சலிங்.

பேச வரமாட்டேன் என்கிறவர்களில் பெரும்பாலோர் அங்கே போனால் புத்திமதி சொல்வார்கள், குத்திக்காட்டுவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஆலோசகர் அதைச் செய்யவே மாட்டார். நான் சொன்ன அதே மனிதரிடம் எங்கள் ஆலோசகர் ஒரு தாளைக் கொடுத்து, குடித்த அந்தச் சனிக்கிழமையைக் கால்மணி கால்மணியாக எழுதச் சொன்னார். தனக்கு ஆசை வந்தது ஏழு மணிக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். எழுதிப் பார்த்தால் 5.40-க்கு மேலதிகாரி எல்லோர் முன்னாலும் போட்ட சத்தத்தில்தான் அது ஆரம்பித்திருக்கிறது. அந்த வரியை அவர் விரலால் தொட்டபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்த 5.40-க்கு என்ன செய்யலாம், யாருக்கு போன் போடலாம், எந்த வழியாக வீட்டுக்குப் போகலாம் என்று இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ஆசை என்பது அலை மாதிரி, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும், அந்த அரைமணியைக் கடக்கத் தெரிந்தால் போதும். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "ஒரே ஒருமுறை வா, பிடிக்கவில்லை என்றால் அப்புறம் பார்க்கலாம்" என்று கேளுங்கள்.

அப்படியும் வரமாட்டேன் என்றால்? மாத்திரையை நிறுத்தாதீர்கள். "பேச வராவிட்டால் மாத்திரையும் கிடையாது" என்று சில இடங்களில் கறாராகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அமெரிக்காவில் 1,383 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. நால்ட்ரெக்சோனோடு, மருத்துவரோ செவிலியரோ அவ்வப்போது பார்த்து மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, குடி எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் அக்கறையாகப் பேசியதே நல்ல பலன் தந்தது. ஆகவே கவுன்சலிங்குக்கு வராதவர் மருத்துவரைப் பார்க்கவாவது தவறாமல் வரட்டும். மாத்திரையால் எல்லோருக்கும் பலன் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம், சுமார் 12 பேர் எடுத்தால் அதனால் கூடுதலாக ஒருவர் மொடாக்குடிக்குத் திரும்பாமல் தப்பிக்கிறார் என்பதுதான் கணக்கு. மற்ற நோய்களுக்கு நாம் நம்பிக் கொடுக்கும் பல மருந்துகளின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான். ஒத்துவரவில்லை என்றால் அகாம்ப்ரோசேட் என்ற வேறு மாத்திரை இருக்கிறது. அது கல்லீரலில் சிதையாது, சிறுநீரகம் வழியாக வெளியேறும். அதனால் கல்லீரல் கெட்டவர்களுக்கு உதவும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாது. தினம் மூன்று வேளை போட வேண்டியிருப்பதுதான் அதில் கஷ்டம்.

இடையில் ஒருநாள் அவர் குடித்துவிட்டார் என்றாலும் நால்ட்ரெக்சோனை விட வேண்டாம், அன்றைக்கும் போடலாம், மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் போதும்.

இப்போது தம்பி. அவன் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டார் நெருக்குவதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. பியூப்ரெனார்ஃபினும் ஹெராயினைப் போல ஓபியாய்டு வகைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹெராயின் மாதிரி சர்ரென்று ஏறிச் சரிந்து விழுவதில்லை, ஒரு அளவுக்கு மேல் அதன் விளைவு கூடுவதுமில்லை. ஒரே சீராக இருந்து, உடல்வலி, குளிர் நடுக்கம், தூக்கமின்மை என்று ஹெராயினை நிறுத்தும்போது ஆளைப் புரட்டிப்போடும் அவஸ்தையைத் தடுக்கிறது. போதைக்கு அடிமையானவன் நாள் முழுக்க அடுத்த டோஸைத் தேடி அலைவான். உங்கள் தம்பி காலையில் மாத்திரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிறான். இரண்டும் ஒன்றா என்று வீட்டில் கேளுங்கள். 1960-களில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் மெத்தடோன் என்ற இதே வகை மருந்தை வைத்துத் தொடங்கிய வழி இது. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் பியூப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சிகிச்சையில் இருக்கும்வரை மரண அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

நிறுத்தினால் என்ன என்கிறீர்களா? ஹெராயினைத் தாங்கும் சக்தி உடம்பிலிருந்து வடிந்திருக்கும், ஆசை மட்டும் எங்கேயோ பதுங்கியிருக்கும். ஒரு பலவீனமான நாளில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். நான் பார்த்த மரணங்களில் என்னை அதிகம் வாட்டியது இந்த வகைதான், "இப்பத்தானே டாக்டர் எல்லாத்தையும் விட்டான்" என்று அம்மா வந்து நிற்பார். கவுன்சலிங் அவனுக்கு நல்லதுதான், தொடரட்டும், ஆனால் மாத்திரை செய்யும் வேலையை அதனால் செய்ய முடியாது. எத்தனை காலம் எடுப்பது என்பதற்குக் கெடு கிடையாது. ஒரு வருடம், பல வருடம், சிலருக்கு அதற்கும் மேல். அவனே விரும்பும் நாளில், மருத்துவரோடு சேர்ந்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். மாத்திரையை விழுங்கினால் பெரிதாகப் பயன் இல்லை, முழுதாகக் கரையும்வரை பேசாமல் நாக்கடியிலேயே இருக்கட்டும், கரைந்த பிறகு தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கட்டும், பல் கெடாமல் இருக்கும். மூச்சு அடங்கினால் கொடுக்கும் முறிமருந்தான நலாக்சோன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவனுடைய மருத்துவரைக் கேளுங்கள்.

கஞ்சா, கொக்கைன், மெத்தாம்ஃபெட்டமின் போன்றவற்றுக்கு இப்படி நிரூபணமான மாத்திரை இன்னும் இல்லை, அங்கே பெரும்பாலும் உளவியல் சிகிச்சைதான் சுமையைத் தாங்குகிறது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது வேறு ஒரு விஷயத்துக்கு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால், மாத்திரைகள் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. அண்ணனின் நால்ட்ரெக்சோனைத் தம்பி தவறிப்போய் ஒன்று போட்டாலும் அது பியூப்ரெனார்ஃபினின் வேலையைத் தடுத்து, நிறுத்தும்போது வரும் அதே அவஸ்தை கடுமையாகத் தொடங்கிவிடக்கூடும், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த தூக்க மாத்திரை, டயசெபாம் ஏதாவது மிச்சம் இருந்தால் அதுவும் தம்பி கைக்கு எட்டக் கூடாது, பியூப்ரெனார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும். மதுவும் அப்படியே. வீட்டில் குழந்தைகள் இருந்தால் தம்பியின் மாத்திரையைப் பூட்டியே வையுங்கள், ஒரே மாத்திரை ஒரு குழந்தையின் உயிரை எடுக்கக்கூடியது. அண்ணனுக்குப் பல் பிடுங்குவது, ஆபரேஷன் என்று எது வந்தாலும் நால்ட்ரெக்சோன் எடுக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், மார்ஃபின் வகை வலிமருந்து அவருக்கு வேலை செய்யாது. அவருக்குக் கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த முறை போகும்போது இரண்டு பேருடைய மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் இன்னொருவர் என்ன மருந்து எடுக்கிறார் என்பது இரண்டு மருத்துவருக்கும் தெரிந்திருக்கட்டும். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தாருக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிப் பேசும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அண்ணன் வராத வாரங்களில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து பேசலாம்.