பாக்ஸிங்கில் முகமது அலியும் மைக் டைசனும் உச்சத்தில் இருந்தபோது மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?

கேள்வியில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. எத்தனை ரவுண்டு?

15 ரவுண்டு என்றால் அலி. 12 என்றாலும் அலிதான், ஆனால் ஒரு தடவையாவது கீழே விழுந்து எழுந்த பிறகு. 3 ரவுண்டு என்றால் டைசனுக்கு எதிராக நான் ஒரு ரூபாய்கூட வைக்க மாட்டேன். அவசரம் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சொந்த விஷயம், அதனால் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் டைசனின் பழைய நாக்அவுட்களை யூடியூபில் வரிசையாகப் பார்த்திருப்பீர்கள், அப்புறம் நண்பர் யாரோடோ வாக்குவாதம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் படுக்கவைத்ததைப் பார்த்தால் இந்த ஆளை யார் என்ன செய்ய முடியும் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது எனக்கு 18 வயது. ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் பாக்ஸிங் கற்றுக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் வந்த டைசன் படத்தை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். எங்கள் வாத்தியார் அலி ஆள். 1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே, அதை நேரில் போய்ப் பார்த்தவர். "எல்லாரும் அவரு கையைப் பாத்தாங்க, நான் காலைத்தான் பாத்தேன்" என்பார். எனக்கு அது பெருசுகள் பேசும் பேச்சாகத்தான் பட்டது.

1992இல், எனக்கு 22 வயதில், மாநில அளவில் ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கிவிட்டு வந்த திமிரில் அவரை ரிங்குக்குக் கூப்பிட்டேன். நான் 79 கிலோ. அவருக்கு 51 வயது, 66 கிலோ இருந்தால் அதிகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. இரண்டு ரவுண்டு ஆடலாம் என்று ஒத்துக்கொண்டார்.

முதல் ரவுண்டில் என் ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையால் நேராகக் குத்துவது, ஒன்றுகூட அவர் மேல் படவில்லை. ஒவ்வொரு முறையும் நாலு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் இடது கையை இடுப்பருகே தொங்கவிட்டிருந்தார். நான் அடிக்கிற நொடியில் பின்கால் அரை அடி நகரும், அவ்வளவுதான், என் கை காற்றில் இருக்கும். திரும்புவதற்குள் என் நெற்றியில் லேசாக ஒரு தட்டு. வலிக்காது. ஆனால் மாடியில் இருபது பசங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ரவுண்டில் என்னைச் சுற்றிவிட்டு மூலைக்குக் கொண்டுபோய், வலது விலாவுக்குக் கீழே கிளவுஸை வைத்து லேசாக அழுத்திக் காட்டினார். இங்கே அடித்திருந்தால் நீ உட்கார்ந்திருப்பாய் என்று அர்த்தம். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

ரவுண்டு முடிந்ததும் "போதும்டா, கிளவுஸைக் கழட்டு" என்றார். நான் விடவில்லை. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு வாத்தியாரே" என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று இப்போது எழுதுகிறேன், அன்றைக்கு அது சவால்தான். அவரும் அது புரிந்துதான் வந்தார்.

மூன்றாவது ரவுண்டில் முதல் நிமிடத்திலேயே அவர் குதிகால் தரையில் படிவதைப் பார்த்தேன். அதுவரை அது தரையைத் தொடவே இல்லை. அதே மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்தார், ஆனால் கால் கூடப் போகவில்லை. என் இடது ஹூக், கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் அடி, முழுசாக விலாவில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு விலா எலும்பில் கீறல். ஆறு வாரம் மூட்டை தூக்க முடியவில்லை, கூலியும் இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மனைவி ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. அதுதான் நியாயம்.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது? மாடியில் இருந்த பசங்கள் நான் என்றார்கள். இரண்டு ரவுண்டோடு நின்றிருந்தால் நான் என்று சொல்ல ஒருவன் இருந்திருக்க மாட்டான். அதனால்தான் ரவுண்டைக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

வெவ்வேறு காலத்து ஆட்கள் மோதுவது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். நிஜத்தில் நடந்திருக்கிறது. 1951இல் 37 வயது ஜோ லூயிஸை ராக்கி மார்சியானோ 8ஆவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். 1980 அக்டோபரில் 38 வயது அலியை லாரி ஹோம்ஸ் 10 ரவுண்டு அடித்தார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்கே ஸ்பாரிங் கொடுத்த, அதாவது பயிற்சியில் எதிராக நின்று ஆடிய பையன். முடிந்ததும் அழுதார். அந்த வீடியோவை நான் ஒரு தடவைதான் பார்த்தேன், இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை. 1988 ஜனவரியில் அதே ஹோம்ஸ் 38 வயதில் டைசனிடம் வந்து 4ஆவது ரவுண்டில் விழுந்தார். எல்லாவற்றிலும் முதலில் போனது கால்தான். நானறிந்து இதைத் திருப்பிப் போட்டவர் ஜார்ஜ் ஃபோர்மன் ஒருவர். 1994இல் 45 வயதில், 9 ரவுண்டு புள்ளியில் பின்தங்கியிருந்துவிட்டு 10ஆவதில் மைக்கேல் மூரரை ஒரே வலது கையில் சாய்த்தார். ஆனால் ஃபோர்மன் எப்போதுமே காலை நம்பிய ஆள் இல்லை.

சரி, உங்கள் கேள்வி உச்ச வயதுக்காரர்களைப் பற்றியது. டைசனின் உச்சம் எது என்பதில் பெரிய சண்டை இல்லை. 1986 நவம்பரில் 20 வயதில் ட்ரெவர் பெர்பிக்கை வீழ்த்தியதிலிருந்து ஸ்பிங்ஸ் போட்டி வரை. அதற்கப்புறம் பயிற்சியாளர் கெவின் ரூனியை விட்டுப் பிரிந்தார், அடிக்குச் சிக்காமல் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே வரும் அந்தத் தலையசைவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அலியின் உச்சம்தான் சிக்கல். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை 3 ரவுண்டில் முடித்ததைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அழகான ஆட்டம்தான். ஆனால் வில்லியம்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு போலீஸ்காரர் சுட்ட குண்டோடு அன்று ரிங்கில் நின்றவர். அதை மட்டும் வைத்து அலியை எடைபோடக் கூடாது. 1967 மார்ச்சிலிருந்து 1970 அக்டோபர் வரை, ராணுவத்தில் சேர மறுத்ததற்காக, அவரை ஆடவே விடவில்லை. 25 வயதிலிருந்து 28 வரை. ஒரு ஹெவிவெயிட்டுக்கு அதுதான் முற்றிய வயது. நாம் பார்த்த அலி அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர். நடுவில் இருந்தவரை யாரும் பார்க்கவில்லை.

நான் 1966, 67 அலியையே எடுத்துக்கொள்கிறேன். 6 அடி 3 அங்குலம், கை வீச்சு 78 அங்குலம். டைசன் 5 அடி 10, வீச்சு 71. டைசன் உள்ளே வந்தாக வேண்டும். முதல் மூன்று நாலு ரவுண்டில் வந்தும் விடுவார், ஏனென்றால் அலிக்கு ஒரு பழக்கம் இருந்தது. கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பின்னால் சாய்வார். அந்த இடத்தில் இடது ஹூக் வந்தால் சிக்குவார். 1962இல் சன்னி பேங்க்ஸ், 1963இல் ஹென்றி கூப்பர், 1971இல் ஜோ ஃப்ரேசியர் என்று மூன்று பேர் அவரை அதே அடியில் கீழே போட்டிருக்கிறார்கள். டைசனின் இடது ஹூக் அந்த மூன்றையும்விட வேகம். அதனால் அலி விழுவார் என்று தெரிந்தே சொல்கிறேன். ஆனால் மூன்று தடவையும் எழுந்தாரே, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இங்கே பலர் "ஃப்ரேசியரே அலியை அடித்தார், டைசன் அடிக்க மாட்டாரா" என்று கேட்பார்கள். இரண்டு பேரும் குட்டை, இரண்டு பேருக்கும் இடது ஹூக்தான் ஆயுதம், ஆனால் ஆட்டம் வேறு. ஃப்ரேசியர் மெதுவாகச் சூடேறுவார், 10ஆவது ரவுண்டுக்கு மேல்தான் அவர் முழு ஃப்ரேசியர். அலியோடு மூன்று போட்டியில் மொத்தம் 41 ரவுண்டு ஆடியிருக்கிறார். டைசன் நேரெதிர். 50 வெற்றியில் 44 நாக்அவுட், பெரும்பாலும் ஆரம்ப ரவுண்டுகளில். 1987இல் போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே 12 ரவுண்டும் ஓட்டினார். டோனி டக்கரும் அதே வருடம் 12 ரவுண்டும் நின்றார். இரண்டிலும் டைசன்தான் ஜெயித்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 6ஆவது ரவுண்டுக்கு மேல் ஒவ்வொரு அடியாக வருமே தவிர, அந்தத் தொடர் அடி வராது. 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், உயரமான ஆள், நல்ல ஜாப், 8ஆவது ரவுண்டில் விழுந்து எழுந்து 10ஆவதில் டைசனை முடித்தார். டைசன் அன்று சரியாகத் தயாராகவில்லை என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் வழி என்ன என்று டக்ளஸ் காட்டிவிட்டார். அலிக்கு டக்ளஸைவிடக் கால் அதிகம்.

நடுவர் யார் என்பதும் முக்கியம். அலி எதிராளியின் கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்துவார். 1974 ஜனவரியில் ஃப்ரேசியரோடு இரண்டாவது போட்டியில் அதை வைத்தே பாதி ஆட்டம் ஓட்டினார், நடுவர் விட்டுவிட்டார். 1975இல் மணிலாவில் மூன்றாவது போட்டியில் நடுவர் கார்லோஸ் பாடிலா அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார், ஆட்டம் எவ்வளவு கொடூரமாகப் போனது என்று உங்களுக்கே தெரியும். பாடிலா மாதிரி ஒருவர் நின்றால் டைசனுக்குக் கூடுதலாக இரண்டு ரவுண்டு கிடைக்கும்.

"கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பவர்களுக்கு ஒன்று. 1969இல் அலியையும், ஓய்வு பெற்று 13 வருடமான மார்சியானோவையும் ஒரு ஸ்டுடியோவில் வைத்துப் படம் பிடித்தார்கள். மார்சியானோ அதற்காக உடம்பை இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் தியேட்டர்களில் போட்டார்கள். அமெரிக்காவில் 13ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக்அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி ஜெயித்தார். மார்சியானோ அந்த முடிவைத் திரையில் பார்க்கவே இல்லை, படப்பிடிப்பு முடிந்து சில வாரத்தில் விமான விபத்தில் இறந்துவிட்டார். பார்க்க வருகிறவன் யாரோ அவனுக்கு ஏற்ற முடிவு. இப்போது வருகிற வீடியோ கேம் மோதல்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் உடம்பு. இந்தக் காலத்து ஆட்கள் 6 அடி 9, 120 கிலோ, அலி எல்லாம் நிற்க முடியாது என்று என்னிடம் பயிற்சிக்கு வருகிற பையன்களே சொல்கிறார்கள். அப்படிப்பட்ட டைசன் ஃப்யூரியை (இவர் வேறு டைசன், இந்தக் காலத்து ஆள்) 2024இல் இரண்டு தடவை ஜெயித்தது யார்? ஓலெக்சாண்டர் உசிக், 6 அடி 3. டிசம்பர் போட்டியில் உசிக் 226 பவுண்டு, ஃப்யூரி 281. உயரம் அலியின் உயரம்தான், எடையிலும் அலியைவிட ரொம்பப் பெரிய வித்தியாசம் இல்லை. அவரும் காலை வைத்துத்தான் ஜெயித்தார்.

நான் தொழில்முறை ஆடியவன் இல்லை, அமெச்சூர்தான், உனக்கென்ன தெரியும் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். ஆடியிருப்பேனா மாட்டேனா என்பது வேறு கதை. அந்த வெள்ளிப் பதக்கத்தின் சான்றிதழில் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு நேர்முகம் வரை போனேன், இனிஷியல் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒரு எழுத்தைத் திருத்த அந்த அலுவலகத்துக்குப் பதினோரு தடவை அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை, அல்லது முத்திரை இல்லை. பன்னிரண்டாவது தடவை போவதற்குள் அந்த வேலைக்கு ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் தப்பான இனிஷியலோடுதான் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் "நீ எவ்வளவு தூரம் ஆடினாய்" என்று கேட்கிறவர்களுக்கு இதையும் சொல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டைசன் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், நானும் உங்கள் ஆளாக இருந்தவன்தான். 1989இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் அலி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது டைசனிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அலிதான் எல்லோரிலும் பெரியவர் என்று அவரே சொன்னார். அப்போது அவர் உலகச் சாம்பியன்.

என் கணக்கு இது. முதல் நாலு ரவுண்டில் மூன்று டைசனுக்கு, அதில் ஒன்றில் அலி விழுந்து எழுவார். 5, 6 சமம். 7ஆவதிலிருந்து ஜாப் படத் தொடங்கும், டைசனின் தலை அசைவது நிற்கும். 12 ரவுண்டு என்றால் அலி புள்ளியில், ரொம்ப நெருக்கமாக. 15 என்றால் 13ஆவதில் நடுவர் நிறுத்துவார். யாராவது வேறு கணக்கு வைத்திருந்தால் ரவுண்டு ரவுண்டாக எழுதுங்கள், படிக்கிறேன்.