வாய்க்காலில் பத்திக் சாயம்: தேயிலை நானோ இரும்பு கைகொடுக்குமா?

கேள்வி: பினாங்கின் பாலிக் புலாவில் அரை ஏக்கரில் கீரையும் சாலட்டும் போட்டிருக்கிறேன். மேலேயுள்ள பத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) பட்டறையின் சாயத் தண்ணீர் வாய்க்காலில் கலக்கிறது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. இலைச்சாற்றில் நானோ இரும்பு (கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய இரும்புத் துகள்) தயாரித்துச் சாயத்தை எடுக்கலாமா?

பதில்: வணக்கம் ஐயா. நிறத்தை எடுக்கலாம். ஆனால் தளிரை மஞ்சளாக்குவது பெரும்பாலும் நிறமல்ல, தண்ணீரின் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது). இங்கே பத்திக்கில் ரியாக்டிவ் சாயத்தை (நூலோடு வினைபுரிந்து ஒட்டும் சாயம்) பிடிக்கவைக்கச் சோடியம் சிலிக்கேட் பூசி, பிறகு அலசுவார்கள். அந்தக் காரநீர் மண்ணிலுள்ள இரும்பை வேருக்கு எட்டாமல் செய்துவிடும். முதலில் பி.எச். (அமில-கார அளவு), இ.சி. (மின்கடத்துத்திறன், அதாவது கரைந்த உப்பின் அளவு) இரண்டையும் மீட்டரில் பாருங்கள். பி.எச். 8.4-ஐயோ இ.சி. 3 dS/m-ஐயோ தாண்டினால் பாய்ச்சாதீர்கள். நானோ இரும்பு சோடியத்தை எடுக்காது. தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று நம்பிப் பாய்ச்சினால் மண் இறுகிப்போகும்.

சோதித்துப் பார்க்க, 6 கிராம் தேயிலைத் தூளை 100 மி.லி. தண்ணீரில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். கொதித்த சக்கை உதவாது, இரும்போடு வினைபுரியும் பாலிபீனால் (தேயிலையின் துவர்ப்புப் பொருள்) ஏற்கெனவே இறங்கியிருக்கும். ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு 1.4 கிராமை 50 மி.லி. மழைநீரில் கரைத்துச் சாற்றில் மெல்ல ஊற்றுங்கள். இளம்பச்சையாக இருக்கும் உப்பே வேண்டும், பழுப்பேறியது கெட்டது. பேக்கிங் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து பி.எச். 6-க்குக் கொண்டுவாருங்கள். குழம்பு கறுக்கும். பழைய எழுதுமையும் இப்படித்தான் உண்டானது, அதனால் கழுவாமல் ஊற்றினால் தண்ணீர்தான் கறுக்கும். இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, மூன்று முறை அலசி மறுபடி 150 மி.லி. ஆக்குங்கள். சில நாளிலேயே துருவேறும், அதற்குள் பயன்படுத்துங்கள்.

சாயநீரை வினிகரால் பி.எச். 5-6க்கு இறக்குவது முக்கியம். இந்தச் சாயங்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. காரநீரில் துகளின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் பெறுவதால் ஒட்டாது. சிலிக்கேட் அதிகமிருந்தால் அமிலம் பட்டதும் கூழாகும், அதை வடித்துவிடுங்கள். பிறகு அந்தச் சாயநீரை நான்கு ஒரு லிட்டர் போத்தல்களில் ஊற்றி, ஒன்றைச் சும்மா விட்டு, மற்றவற்றில் 10, 20, 40 மி.லி. குழம்பு கலந்து 24 மணி நேரம் கழித்து ஒப்பிடுங்கள்.

தோட்டம் முழுமைக்கும் இதை நம்ப முடியாது. அரை ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5 மி.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினாலே 10,000 லிட்டர். லிட்டருக்கு 20 மி.லி. என்றால் தினமும் 8 கிலோ தேயிலை வேண்டும்! மழைநீரைத் தொட்டியில் சேர்த்துப் பாய்ச்சுங்கள். பட்டறை நீர் வரும் வேளையில் ஒரு போத்தல் பிடித்து, நேரத்தை எழுதிச் சுற்றுச்சூழல் துறையில் புகார் கொடுங்கள். சோதனையில் அடியில் தங்கும் கசடை மட்டும் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள், சாயம் அதில்தான் ஒட்டியிருக்கும்.