காரில் ஸ்கீ, மலையில் கோபம்: சறுக்குப் பருவத்துக் கேள்வி பதில்

பிள்ளைகள் ஸ்கீலாகருக்கு (பள்ளிக்கூடச் சறுக்கு முகாமுக்கு) போய் வந்தபிறகு வீட்டுக்குள் ஸ்கீ வந்துவிடுகிறது. அதோடு கேள்விகளும் வருகின்றன. இந்தமுறை வந்தவற்றில் பாதி காரில் ஸ்கீ கொண்டுபோவது பற்றியது. மீதி, மலையில் மற்றவர்கள் செய்கிற, மனம் கொதிக்க வைக்கிற வேலைகள் பற்றியது.

எங்கட கார் சின்னது, அண்ணா. பின் சீற்றில் ஒரு பக்கத்தை மடிச்சு ஸ்கீயை நீளமாப் போட்டு, பக்கத்தில மகளை இருத்திக்கொண்டு போறோம். முனை கியருக்குக் கிட்ட வரும். ஒரு மணித்தியால ஓட்டம்தானே எண்டு இவர் சொல்றார். (ஆராவ்)

தங்கச்சி, இதை இந்த வாரமே நிறுத்துங்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டாமல் கிடக்கும் பொருள் அதே 50இல் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் வரும். பெரியவர்களின் ஸ்கீ ஒரு சோடி, பைண்டிங்கோடு (சப்பாத்தை ஸ்கீயில் பூட்டும் பிடி) சேர்த்து 5, 6 கிலோ வரும். அதன் இரண்டு ஓரமும் தீட்டிய உருக்கு. அது உங்கள் மகளின் தோளுக்கும் கழுத்துக்கும் பக்கத்தில் கிடக்கிறது. ஓட்டம் ஒரு மணித்தியாலமா பத்து நிமிடமா என்பது இதில் கணக்கே இல்லை.

உள்ளேதான் வைக்கவேண்டும் என்றால், முதலில் ஸ்கீக்களைப் பையில் போடுங்கள். டிக்கியின் தரையில் மூலைகளில் இரும்பு வளையங்கள் இருக்கும், பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. அவற்றில் பெல்ட் மாட்டி, கையால் இழுத்தாலும் அசையாத அளவுக்கு இறுக்குங்கள். பின் சீற்றின் நடுவில் ஸ்கீக்கென்றே ஒரு துவாரம் இருந்தால் அதைப் பாவியுங்கள். அப்போதும் கட்டத்தான் வேண்டும். ஹெல்மெட்டையோ ஸ்கீச் சப்பாத்தையோ பின் கண்ணாடித் தட்டில் வைக்கவே கூடாது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். வளரும் பிள்ளைக்கு ஸ்கீயைப் பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுக்கலாம். ரயிலில் போனால் சுவிஸில் ஸ்கீயைக் கைப்பொதியாகக் காசில்லாமல் கொண்டுபோகலாம். சின்னக் காருக்குள் திணிப்பதைவிட இரண்டுமே நல்லது.

ரூஃப் பொக்ஸ் வாங்கப்போகிறோம். பெரிசா வாங்கினால் எல்லாத்தையும் மேல ஏத்திடலாமா? (லுட்சேர்ன்)

ஏற்ற முடியாது, தம்பி. கடைக்குப் போகமுன் காரின் கையேட்டைத் திறந்து, கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். பல கார்களுக்கு அது 75 கிலோ, சில சின்னக் கார்களுக்கு 50தான். அந்தக் கணக்குக்குள் குறுக்குச் சட்டமும் வரும், பொக்ஸும் வரும். சட்டம் 5, பொக்ஸ் 20 என்று வைத்தால், 75இல் மிஞ்சுவது 50. நாலு பேரின் ஸ்கீயும் கோலும் அதற்குள் அடங்கும். சப்பாத்துகளையும் மேலே அடுக்கினால் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். அதோடு மேலே பாரம் கூடக்கூட வளைவில் கார் சாயும், பிரேக் தூரமும் நீளும். அதனால் பாரமானதைக் கீழே வையுங்கள். நீளமானதும் இலேசானதும் மேலே போகட்டும்.

பொக்ஸுக்குள் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெல்ட்டால் ஸ்கீயைக் கட்டவேண்டும். பாரம் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே இருக்கவேண்டும். புதிதாகப் பூட்டியபின் கொஞ்சத் தூரம் ஓடி, நிறுத்தி, எல்லாப் பிடிகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். வாங்கும்போது டிக்கிக் கதவு முழுதாகத் திறக்கிறதா, பொக்ஸில் இடிக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1.60 மீற்றர் கார் பொக்ஸோடு 2 மீற்றரைத் தாண்டிவிடும். நிலத்தடித் தரிப்பிடங்கள் பலவற்றில் 2 மீற்றருக்கு மேல் நுழைய முடியாது. மொத்த உயரத்தை எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

பின்னால் வருபவருக்காக ஒன்று கேட்கிறேன். இரவு முழுக்க வெளியே நின்ற காரின் பொக்ஸ் மேல் அரைச்சாண் ஸ்னோ இருக்கும். அதைத் தட்டாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் முழுப் பாளமாகக் கிளம்பிப் பின் காரின் கண்ணாடியில் விழும். அந்த ஓட்டுநருக்கு ஒரு கணம் எதுவுமே தெரியாது. காரை முழுதாகத் துப்புரவாக்கிவிட்டே ஓட்டவேண்டும் என்பது இங்கே சட்டமும்கூட. மலைத் தரிப்பிடங்களில் இதைச் செய்யாமல் கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

திறந்த ராக்கில் முனை முன்னாலயா பின்னாலயா? புளூ மவுண்டனுக்குப் போய் வரேக்கை ஸ்கீ முழுக்க ரோட்டில போட்ட உப்பு. (டொரொன்டோ)

முனை பின்னால். வளைந்த முனை முன்னால் இருந்தால் அதற்கடியில் காற்றுப் புகுந்து மேலே தூக்கும், ராக்கின் பிடியும் தளரும். அடிப்பக்கம் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் படுக்க வையுங்கள்.

உப்புக்கு ஒரே பாதுகாப்பு உறைதான். முழுப் பை இல்லாவிட்டால் பைண்டிங்கையாவது மூடுங்கள், பழுதாகப் போவது அதுதான். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரால் மெல்லக் கழுவி, பழைய துவாயால் விளிம்பைத் துடைத்து, சூடான அறையில் விட்டுவிடுங்கள். கார் கழுவும் இடத்து அழுத்தத் தண்ணீரைப் பைண்டிங்கில் அடிக்கவேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். ஈரத்தோடு பையில் பூட்டி வைத்தால் இரண்டே நாளில் விளிம்பில் செம்மஞ்சள் துரு பிடித்திருக்கும்.

மகள் ஆறுதலாத் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தாள். பின்னால வந்தவர் இடிச்சுப்போட்டு, "அவ திடீரெண்டு திரும்பினா" எண்டு சொல்றார். யாரில பிழை? (பேர்ண்)

நீங்கள் சொன்னபடி நடந்திருந்தால், பிழை பின்னால் வந்தவரில்தான், அக்கா. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 1967இல் நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. மொத்தம் 10. மூன்றாவது விதிப்படி, பின்னாலிருந்து வருபவர் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராத பாதையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நாலாவது விதி, முந்தும்போது முன்னவர் விரும்பியபடி திரும்புவதற்கு இடம் விட்டுத்தான் முந்தவேண்டும் என்கிறது. அதனால் "திடீரென்று திரும்பினா" என்பது சாட்டே அல்ல. உங்கள் மகளுக்குத் திரும்ப உரிமை உண்டு, முதுகில் கண் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. இவை சும்மா அறிவுரையும் இல்லை. வழக்கு வந்தால் சுவிஸ் நீதிமன்றங்கள் இவற்றை வைத்துத்தான் கவனக்குறைவை அளக்கின்றன.

அடுத்தமுறை யாருக்கு இப்படி நடந்தாலும், முதலில் ஸ்கீ இரண்டைக் குறுக்காக, மேலே கொஞ்சத் தூரத்தில் நட்டு மற்றவர்களுக்கு அடையாளம் காட்டுங்கள். பிறகு பிஸ்ட் (சறுக்குப் பாதை) மீட்புக்காரரைக் கூப்பிடுங்கள். அவர்களின் எண் பிஸ்ட் வரைபடத்தில் இருக்கும். அது கிடைக்காவிட்டால் அம்புலன்ஸுக்கு 144, ஹெலிகொப்டருக்கு ரேகா என்ற வான்மீட்புச் சேவையின் 1414. இடித்தவரும் பார்த்தவர்களும் பெயர் விபரம் கொடுக்கவேண்டும், அது பத்தாவது விதி. சண்டை பிடிக்காமல் விபரத்தை வாங்குங்கள். மகள் மறுபடி மலைக்குப் போகப் பயந்தால் அவசரப்படுத்தவேண்டாம். அகலமான, இலகுவான நீலப் பிஸ்டில், காலையில் கூட்டம் வரமுன், நீங்கள் அவளுக்குப் பின்னால் வாருங்கள்.

கதிரை லிஃப்ட் வரிசையில பின்னால நிக்கிறவை என்ர ஸ்கீயில ஏறி ஏறி நிக்கினம். சொன்னால் ரோசம் வருது. (சூரிச்)

சொல்லத்தான் வேண்டும். மேற்பரப்பு கீறுவது ஒருபக்கம், விளிம்போடு விளிம்பு உரசினால் தீட்டியது மழுங்கும். சிரித்த முகத்தோடு திரும்பி "கொஞ்சம் பின்னுக்கு" என்றால் பெரும்பாலானவர்கள் நகர்வார்கள். வரிசையில் நிற்கும்போது இரண்டு ஸ்கீயையும் ஒட்டி வையுங்கள், ஏறி மிதிக்க இடம் குறையும். கதிரையில் ஏறியதும் சொல்லாமல் பாதுகாப்புப் பாரை இழுத்து இறக்குகிறவர்களும் உண்டு, பக்கத்தில் இருப்பவரின் ஹெல்மெட்டில் அடிக்கும். "இறக்கிறேன்" என்று ஒரு சொல் போதும்.

நண்பர்கள் கூட்டமா நடுப் பிஸ்டில நிண்டு படம் எடுக்கினம். நான் தேவையில்லாமல் பயப்படுறனா? (பாசல்)

இல்லை தம்பி, பயம் நியாயமானது. மேட்டுக்குக் கீழே நின்றால் மேலிருந்து வருபவருக்குக் கடைசிக் கணம் வரை உங்களைத் தெரியாது. ஒடுங்கிய இடத்திலும் பார்வை படாத இடத்திலும் நிற்கக்கூடாது என்பது ஆறாவது விதி. ஓரத்துக்குப் போய், மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். விழுந்தாலும் உடனே நகருங்கள்.

ஈஸ்டருக்கு மலைவீட்டுக்குப் போறம். ஒட்டுற கிலிஸ்டர் மெழுகு பூசின நீட்டு ஸ்கீ பொக்ஸ் முழுக்க ஒட்டிப்போட்டுது. (ஒஸ்லோ)

கிலிஸ்டர் ஸ்கீயை மற்றதைப்போல அடியோடு அடி சேர்த்துக் கட்டவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். உறை இல்லாவிட்டால் பூசின நடுப்பகுதியைப் பிளாஸ்டிக்கால் சுற்றுங்கள். ஒட்டியதை எடுக்க முதலில் சுரண்டி, மிச்சத்தை மெழுகு நீக்கியால் துடைக்கலாம். பொக்ஸ் வாங்கும்போது உள் நீளத்தையும் பாருங்கள், உங்கள் ஸ்கீ 2 மீற்றரைத் தாண்டும்.

நீங்கள் இருக்கும் நாட்டில் எல்லோருக்கும் கோபம் வரும் இன்னொரு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் போட்டு வைத்த ஸ்கீத் தடத்தில் சப்பாத்தோடு நடக்கவேண்டாம். வெயிலில் இளகிய தடத்தில் பதியும் குழி இரவில் இறுகிவிடும். அடுத்தநாள் அதில் வருபவர் தடுக்கி விழுவார்.

சப்பாத்தை இரவு காரிலயே விடலாமா? போட்டபடி ஓட்டலாமா? (வின்டர்தூர்)

இரண்டும் கூடாது. குளிரில் பிளாஸ்டிக் விறைத்துவிடும், காலையில் காலை நுழைப்பதே போராட்டமாகிவிடும், உள்ளுறையின் ஈரமும் காயாது. போட்டபடி ஓட்டினால் பெடல் காலுக்குத் தெரியாது. தரிப்பிடத்திலேயே மாற்றுங்கள். மாற்றும்போது ஸ்கீயைப் பக்கத்துக் காரில் சாத்தவேண்டாம். அது சறுக்கி விழும்போது அந்தக் காரின் கதவில் நீளமாக ஒரு கோடு விழும். ஸ்னோவில் படுக்க வையுங்கள், உங்கள் காருக்குப் பின்னால், வண்டிகள் ஓடாத பக்கமாக.

சேர்மாட்டுக்குக் காரில போகலாமா? (ஜெனீவா)

அதற்கு முந்தின ஊரான டேஷ் வரைதான், சேர்மாட்டுக்குள் கார் விடமாட்டார்கள். காரை அங்கே விட்டு, 12 நிமிட ரயில். ஸ்கீயைப் பொக்ஸிலிருந்து இறக்கித் தூக்கவேண்டியிருக்கும் என்பதால் சோடியைக் கட்டும் வார்ப்பட்டி கொண்டுபோங்கள். தோளில் வைத்துத் திரும்பும்போது பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று பார்த்துத் திரும்புங்கள்.